இடது இருக்கை

ஆய்வுக்கு இன்னும் எழுபத்தொரு மணி நேரம் இருந்தபோது அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. அற்புதராஜ் சிராங்கூன் சாலை ஓரமாகக் காரை நிறுத்தி, மனைவி ஆனியை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார். வேகமானிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த நிலையில் ஒரு மனித உருவம். அதன் வயிற்றுக்கு முன்னால் ஒரு பந்து. எஞ்சினை அணைத்து மறுபடியும் போட்டுப் பார்த்தார். பந்து போகவில்லை.

கதவைப் பிடித்தபடி நின்ற ஆனி அது என்ன என்று கேட்டார்.

“ஏர்பேக்.”

“வெடிச்சிருமா?”

“வெடிக்க வேண்டிய நேரத்துல வெடிக்காது. அதத்தான் சொல்லுது.”

ஆனி விளக்கைப் பார்த்தார். பின்னால் காய்கறி லாரி ஹாரன் அடித்தது. “அப்ப இன்னைக்கு ஓட்டாதீங்க,” என்று சொல்லிவிட்டு, ரவிக்கைத் துணிகள் இருந்த பையை அணைத்துக்கொண்டு தேக்கா மார்க்கெட்டின் மாடிப்படியை நோக்கி நடந்தார். மாடியில் லீலாவின் தையல் கடையில் அவருக்கு வேலை. ரவிக்கையில் கை பிடிப்பது, பக்கத்தில் விட்டுக்கொடுப்பது, கொக்கி மாற்றுவது. படியேறுமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். காரைப் பார்த்தாரா, கணவரைப் பார்த்தாரா என்று சொல்ல முடியாது.

அற்புதராஜ் முன்பு கப்பல் பட்டறையில் வெல்டர். முழங்கால் வலி வந்ததும் சொந்தமாக ஒரு கார் வாங்கி, செயலி வழியாகப் பயணிகளை ஏற்றும் வேலைக்கு வந்தார். சனிக்கிழமை காலை காருக்கு வருடாந்தர ஆய்வு. அதில் தேறினால்தான் சாலை வரி கட்டலாம், சாலை வரி கட்டினால்தான் வண்டியை வெளியே எடுக்கலாம். விளக்கு எரிந்தால் தேறாது என்பது அவருக்குத் தெரியும். புக்கிட் பாஞ்சாங் வீட்டில் மூன்று பேர். மகள் ஜெனிவீவ் வேதியியல் படித்துவிட்டு, கிளமெண்டியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து இரண்டாவது மாதம் நடக்கிறது. வேலை இன்னும் உறுதியாகவில்லை. தையலில் தீபாவளிக்கு முன்னால் மட்டும்தான் கூட்டம். கார் ஓடாத வாரத்தில் அந்த வீட்டில் மீன் இருக்காது.

செயலியை மூடிவிட்டு நேராக உட்லண்ட்ஸ் தொழிற்பேட்டைக்குப் போனார்.

கார்களின் மின்வேலை பார்க்கும் அர்ஃபானின் பட்டறை ஒரு டயர் கடைக்கும் ஒரு பாலிஷ் கடைக்கும் நடுவில் இருந்தது. இரண்டு கார் நிற்கும் இடம். ஒரு காற்றாடி எப்போதும் சுவரைப் பார்த்தே சுற்றும். அர்ஃபான் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் சொருகி, கையிலிருந்த திரையைப் படித்தார்.

“முன் இடது சீட்டு அண்ணே. சீட்டோட பக்கத்துலயே ஒரு பை தெச்சிருக்கான். அதுக்குப் போற லைன்ல தடை ஜாஸ்தின்னு சொல்லுது. ரெண்டு மூணு ஓம்ஸ் இருக்கணும். இது பத்த தாண்டுது.”

“வயர் அறுந்திருச்சா?”

“அறுந்தா கணக்கே காட்டாது. இது அறுபடல. ஒழுங்காவும் இல்ல.”

பாட்டரி முனையைக் கழற்றினார். உடனே எதையும் தொடவில்லை. உள்ளே கொஞ்சம் மின்சாரம் தங்கியிருக்கும், அது வடியட்டும் என்றார். “போய் ஒரு கோப்பி-ஓ குடிச்சிட்டு வாங்க. கழட்டின உடனே தொட்டா இதுக்குக் கோவம் வரும்.”

அற்புதராஜ் திரும்பி வந்தபோது அர்ஃபான் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, முன்பக்கமாகக் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். மஞ்சள் நிற இணைப்பி ஒன்று விரலில் அகப்பட்டது. பிடுங்கி, ஊதி, மறுபடி சொருகினார். பிழைக் குறியீட்டை அழித்தார். விளக்கு வந்து, சில விநாடி நின்று, அணைந்தது.

“லூஸ் கனெக்ஷன் லா. குடை கிடைன்னு எதையாவது அடியில தள்ளியிருப்பீங்க.”

தான் குடையே வைத்துக்கொள்வதில்லை என்றார் அற்புதராஜ். அப்படியென்றால் பயணி யாராவது உதைத்திருப்பார் என்று அர்ஃபான் முடித்துவிட்டார்.

அன்று மாலை வீட்டில் மத்தி சம்பாலும் கங்கோங் கீரையும். மழை பிடித்துக்கொண்டது. எல்ஆர்டி ரயில் ஜன்னலுக்கு நேரே போனபோது பயணிகளுக்கு வீட்டுக்குள் தெரியாதபடி அதன் கண்ணாடிகள் தாமாக மங்கி, வீட்டைத் தாண்டியதும் தெளிந்தன. விளக்கு அணைந்துவிட்டது என்று அற்புதராஜ் இரண்டு தடவை சொன்னார். ஆனி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“நல்லா பார்த்தானா அர்ஃபான்?”

“நல்லா பார்த்துட்டான்.”

“இன்ஸ்பெக்ஷன்ல பாஸ் ஆயிருமா?”

“ஆயிரும்.”

ஆனி தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, இந்த வண்டியை விட்டுவிடலாமே என்றார்.

ஜெனிவீவ் நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் போக்கு அவளுக்குச் சில மாதமாகவே புரியவில்லை. முன்பெல்லாம் கார் நாற்றமடிக்கிறது என்று பேருந்தில் போகிறவர். தவக்காலத்திலிருந்து காலையும் மாலையும் காரில்தான் போகிறார், அதுவும் முன் இருக்கையில். வழி முழுக்க விடாமல் பேசுகிறார். கடையிலிருந்து மணிக்கொரு தடவை அப்பாவுக்குப் போன் செய்கிறார். எங்கே இருக்கிறீர்கள் என்பதோடு அது நிற்பதில்லை. இப்போது எந்தச் சாலை, முன்னால் என்ன நிற வண்டி, கடைசியாக யாரை ஏற்றினீர்கள் என்றெல்லாம் கேட்கிறார். அப்பாவின் சிநேகிதர்கள் அவருக்கு சிஐடி ஆனி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அம்மாவுக்குச் சந்தேகமா, இல்லை இந்த வயதில் சிலருக்கு வரும் பதற்றமா என்று ஜெனிவீவ் இணையத்தில் தேடிப் பார்த்திருந்தாள். இரண்டுக்கும் எல்லா அறிகுறிகளும் பொருந்தின.

“வண்டிய விட்டுட்டு நான் என்ன செய்யட்டும்? உன் கடையில கொக்கி வெக்கவா?” என்றார் அற்புதராஜ்.

“செக்யூரிட்டி வேலைக்குப் போகலாம்.”

“முழங்கால வெச்சுக்கிட்டு நாள் முழுக்க நிக்கவா? என்ன ஆனி உனக்கு? என் மேல சந்தேகமா?”

“சந்தேகமெல்லாம் இல்லீங்க.”

“பின்ன?”

ஆனி எழுந்து போய் மழைச்சாரல் படாதபடி சமையலறை ஜன்னலைச் சாத்தினார். அது ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

வியாழக்கிழமை முற்பகலில் விரைவுச்சாலையில் ஒரு மோட்டார்சைக்கிள் குறுக்கே வந்தது. அற்புதராஜ் பிரேக்கை ஓங்கி மிதித்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சற்று நேரத்தில் பந்து மனிதன் மறுபடி எரிந்தான். பின்னால் இருந்த பயணி எட்டிப் பார்த்து, சார் உங்கள் கார் கர்ப்பமாக இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். அற்புதராஜால் சிரிக்க முடியவில்லை.

பட்டறையில் பார்த்தால் அதே இருக்கை, அதே குறியீடு. அர்ஃபான் இம்முறை ஒரு சிறிய இணைப்பியை எடுத்துக் காட்டினார். அதன் வாலில் ஒரு மின்தடை பற்றவைக்கப்பட்டிருந்தது. பையைக் கழற்றிவிட்டு இதைச் சொருகினால், கம்ப்யூட்டர் கேட்கும்போது நான்தான் ஏர்பேக் என்று இது பதில் சொல்லும். விளக்கு அணைந்தால் வயர் சரி, பைதான் கெட்டது என்று அர்த்தம்.

“நேரா பைக்கே மீட்டர் வெச்சுப் பார்க்க வேண்டியதுதான தம்பி?”

“மீட்டர் அனுப்புற கரண்டுக்கே அது வெடிச்சாலும் வெடிக்கும். எனக்குச் சின்னப் புள்ளைங்க இருக்குண்ணே.”

பொய்ப் பையைச் சொருகியதும் விளக்கு அணைந்தது. அப்படியென்றால் பைதான் என்று முடிவு கட்டி, அர்ஃபான் பழைய வண்டிகளை உடைக்கும் இடத்துக்குப் போன் செய்தார். அதே மாதிரி காரின் இருக்கை ஒன்று இருந்தது. ஆனால் நிறம் பழுப்பு.

“கறுப்பு வண்டிக்குப் பழுப்பு சீட்டா? ஏறுறவன் என்ன நினைப்பான்?”

“முன்னாடி யாரு ஏறப் போறா? அக்காதான.”

அதற்குள் வெயில் ஏறிவிட்டது. கார் ஒரு மணி நேரமாக வெளியில் காய்ந்துகொண்டிருந்தது. சீட்டு மாற்ற வண்டியை எடுத்துப்போவதற்கு முன் ஒருமுறை பார்க்கலாம் என்று அர்ஃபான் உண்மையான பையை மறுபடி சொருகினார். விளக்கு எரியவில்லை. தடை இரண்டரை ஓம்ஸ். இருக்கையை ஆட்டினார், குத்தினார், ஏறி உட்கார்ந்து குதித்தார். இரண்டரைதான்.

“இப்ப எதுவும் கெட்டுப் போகல,” என்றார் அர்ஃபான். அதை அவர் தோற்றுப்போனவர் மாதிரிதான் சொன்னார்.

சாயங்காலம் அற்புதராஜ் தேக்காவில் ஆனியையும் கிளமெண்டியில் ஜெனிவீவையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியில், புக்கிட் தீமா மேட்டில் விளக்கு எரிந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். ஆனி மெதுவாக மூச்சு விட்டார். ஜெனிவீவுக்கு அது நிம்மதி மூச்சு மாதிரி கேட்டது. அப்படி இருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுப்பு. அப்பாவுடன் பட்டறைக்குப் போனாள். பயந்து பேசும் பெண். அர்ஃபான் அண்ணனிடம் ஒரு கேள்வி கேட்கவே வழி முழுவதும் மனதில் ஒத்திகை பார்த்திருந்தாள்.

“வெயில்ல காஞ்சதும் அணையுது, சாயங்காலம் திரும்ப எரியுது. அப்ப ஈரம்தான?”

அர்ஃபான் அதையேதான் தானும் இரவெல்லாம் யோசித்ததாகச் சொன்னார். “ஆனா ஈரம் எங்கேருந்து வருது? கதவு ரப்பர் நல்லா இருக்கு. ஏர்கான் தண்ணின்னா கால் வெக்கிற எடம் நனையணும், அது காஞ்சு கெடக்கு. ஒண்ணும் புரியல மா. இன்னைக்கு சீட்டையே கழட்டிருவோம்.”

பாட்டரியைக் கழற்றிக் காத்திருந்தார்கள். பிறகு நான்கு போல்ட்டுகள். அர்ஃபானும் அற்புதராஜும் இருக்கையைப் பின்னுக்குச் சாய்த்தார்கள். அடியில் தரைவிரிப்பு ஈரமாக இருந்தது. மஞ்சள் இணைப்பியின் பின்புறம், முன்பு கைக்கு எட்டாத இடத்தில், பச்சையாகப் பூத்திருந்தது. அதைச் சுற்றிலும் விரிப்பின் இழைகளில் வெள்ளைப் பொடி.

ஜெனிவீவ் குனிந்து பார்த்தாள். மழைநீர் காய்ந்தால் அழுக்குத் தங்கும். ஏர்கான் தண்ணீர் காய்ந்தால் ஒன்றுமே தங்காது. இது குட்டிக் குட்டிச் சதுரமாக மின்னியது. என்னவாக இருக்கும் என்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் அற்புதராஜ் விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டார்.

“உப்பு.”

“அப்பா, தெரியாத பொருள வாயில வெக்காதீங்க.”

“உப்பு எப்படிம்மா தெரியாத பொருளாகும்?”

அர்ஃபான் தலையைச் சொறிந்தார். “வண்டிய கடல்ல இறக்கினீங்களா அண்ணே?”

கொஞ்ச நேரம் மீனின் மேல் பழி போனது. சனிக்கிழமைதோறும் ஆனி தேக்காவில் மீன் வாங்குவார். ஆனால் பை டிக்கியில்தான் போகும், ஐஸ் தண்ணீர் இங்கே வர வழியில்லை. மீன் வாடையும் இல்லை. யாராவது பயணி மீனோடு முன்னால் ஏறினாரா என்று அற்புதராஜ் யோசித்தார். கருவாட்டோடு ஒரு அம்மா ஏறியது நினைவு வந்தது. கருவாட்டுக்கு ஏது தண்ணீர் என்று அர்ஃபான் கேட்டார். மூன்று பேரும் அந்தக் காலி இடத்தைச் சுற்றி நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

இருக்கையைத் தரையில் கவிழ்த்து வைத்தபோதுதான் அது தெரிந்தது. உட்காரும் மெத்தைக்கு அடியில், பின்பக்கக் கம்பியோடு, ஒரு சிறிய பிளாஸ்டிக் புட்டி கட்டப்பட்டிருந்தது. வேளாங்கண்ணி மாதா உருவப் புட்டி; நீலக் கிரீடம்தான் மூடி. மூடியில் ஒரு கீறல். உள்ளே பாதித் தண்ணீர். கட்டியிருந்தது ரவிக்கை உள்துணியில் கிழித்த நாடா. இழுத்தால் அவிழும் முடிச்சு; நாடாவின் நுனியை மடித்து ஊசியால் இரண்டு தையலும் போட்டிருந்தது.

யார் வேலை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

“மந்திரிச்ச தண்ணி,” என்றார் அற்புதராஜ். “அவங்க வீட்டுல அதுல மந்திரிச்ச உப்பையும் போடுவாங்க. கை நிறைய போடுவாங்க.” அவருக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. “பிரேக் போட்டா மாதா தலையிலேருந்து ஒழுகியிருக்கா. நாம மூணு நாளா கம்ப்யூட்டர வெச்சுத் தேடுறோம்.”

அர்ஃபான் புட்டியை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கி, கருவிப் பெட்டியின் மேல் நிமிர்த்தி வைத்தார்.

போன் செய்யத் தேவை வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஆனியே வந்துவிட்டார். தேக்காவிலிருந்து ரயிலும் பேருந்துமாக வந்திருந்தார். கையில் நான்கு பொட்டலம் நாசி லெமாக் தேங்காய்ச் சோறு. லீலாவிடம் அரைநாள் கேட்டாராம். கருவிப் பெட்டியின் மேல் புட்டியைப் பார்த்ததும் பொட்டலங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

“ஏன் ஆனி, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? முன்னாடி ஜெபமாலை தொங்குது. பத்தாதா?”

“பாதுகாப்புக்குத்தான் வெச்சேன்.”

“உன் பாதுகாப்பு அந்தப் பையையே வெடிக்க விடாம ஆக்கிருச்சு, தெரியுமா? அதுவும் நீ உக்கார்ற பக்கத்துப் பை.”

ஆனிக்கு அது உடனே புரியவில்லை. ஜெனிவீவ் மெதுவாக விளக்கினாள்: தண்ணீர், உப்பு, செம்பு, பச்சை. ஆனி முழுவதும் கேட்டார். “என் பக்கமா இருந்தா பரவாயில்ல,” என்றார்.

அர்ஃபான் பச்சை பூத்த இணைப்பியை வெட்டி எறிந்துவிட்டுப் புதியது வைத்தார். நுனிகளை மருந்து அடித்துத் துடைத்தார், விரிப்பைக் கழுவி உப்பை எடுத்து, சூடான காற்றடித்துக் காயவைத்தார். இருக்கை ஏறியது. பாட்டரியை மாட்டியதும் விளக்கு வந்து, நின்று, போனது. அர்ஃபான் காரைப் பட்டறைக்கு முன்னால் ஓட்டி, மூன்று தடவை சடாரென்று பிரேக் போட்டார். டயர் கடைக்காரர் வெளியே வந்து திட்டினார். விளக்கு எரியவில்லை. இரண்டரை ஓம்ஸ், அசையாமல்.

“நாளைக்கு கண்ண மூடிக்கிட்டு பாஸ் ஆவும் அண்ணே.”

அற்புதராஜ் அர்ஃபானின் தோளைத் தட்டினார். மூன்று நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. நாசி லெமாக்கைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். வேண்டுமென்றால் மாதாவைப் பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைப்போம் என்று ஆனியைச் சீண்டினார். நாளை ஆய்வு முடிந்ததும் நேரே விமான நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்று, விட்ட மூன்று நாளையும் பிடித்துவிடலாம் என்றார்.

ஆனி பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

“அர்ஃபான், அந்த லைட்ட திரும்பவும் எரிய வெக்க முடியுமா?”

அர்ஃபானின் கை பாதி வழியில் நின்றது. “எந்த லைட்டு அக்கா?”

“நீ இப்ப அணைச்சது. நாளைக்கு மட்டும் எரியட்டும்.”

“என்ன ஆனி, விளையாடுறியா?” அற்புதராஜ் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

“இல்லீங்க.”

“வண்டி ஃபெயில் ஆகணுமா?”

“ஆமா.”

“ஏன்?”

ஆனி பிரிக்காத பொட்டலத்தைக் கருவிப் பெட்டியின் மேல் வைத்தார். ஜெனிவீவ் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். சந்தேகம், பதற்றம், பயம் என்று தான் தேடிய சொற்களெல்லாம் வரிசையாக மனதில் வந்தன. எதுவும் இந்த முகத்தோடு ஒட்டவில்லை. புட்டியைப் பற்றிக் கேட்பதுதான் சுலபமாக இருந்தது.

“மா, பாதுகாப்புக்குன்னா அப்பா பக்கம்தான கட்டணும்? ஏன் உங்க பக்கம்?”

“அப்பா ஓட்டும்போது என் கை எட்டணும்ல. சட்டுன்னு எடுத்துத் தெளிக்கணும்னா.”

“யார் மேல?”

ஆனி கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அற்புதராஜின் சிரிப்பு நின்றுபோனது. அர்ஃபான் எழுந்து உள்ளே போகப் பார்த்தார். இரு தம்பி, நீயும் கேளு, தனியா இருந்தா நான் சொல்ல மாட்டேன் என்றார் ஆனி.

“குருத்து ஞாயிறுக்கு முந்தின வாரம். பிகேஇ எக்ஸ்பிரஸ்வேல வந்துட்டிருந்தோம். நீங்க கப்பல் பட்டறையில கூட வேலை பார்த்தவரப் பத்திச் சொல்லிட்டு வந்தீங்க. பாதியில நிறுத்திட்டீங்க. நான் கூப்பிட்டேன். தொடையில தட்டினேன். கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. உதடு மட்டும் எதையோ மெல்லுற மாதிரி ஆடுச்சு. வண்டி பக்கத்து லேனுக்குப் போகுது.”

“நான் அப்படி எதுவும்…”

“உங்களுக்குத் தெரியாதுங்க. நான் ஸ்டியரிங்கப் பிடிச்சேன். கொஞ்ச நேரத்துல நீங்க விட்ட எடத்துலேருந்தே கதையைச் சொல்ல ஆரம்பிச்சீங்க. எதுக்குக் கையை வெச்சேன்னு என்னையத் திட்டுனீங்க.”

அற்புதராஜ் தன் கைகளைப் பார்த்தார். உள்ளங்கையில் சம்பால் ஒட்டியிருந்தது.

“டாக்டர்கிட்ட சொன்னா லைசென்ஸ் போயிரும். அப்புறம் நீங்க என்ன ஆவீங்கன்னு நினைச்சேன். அதான் வாய மூடிக்கிட்டேன். கூடவே இருந்தா போதும், பேசிக்கிட்டே இருந்தா போதும்னு நினைச்சேன்.”

பக்கத்துக் கடையில் டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரம் ஓடி நின்றது.

“ஒரு தடவதான ஆனி,” என்றார் அற்புதராஜ். குரல் தாழ்ந்திருந்தது. “அசதியா இருந்திருக்கும். ஒரு தடவ.”

ஆனி தலையை ஆட்டினார். மகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

“போன ஞாயித்துக்கிழமை திரும்பவும் வந்துச்சுங்க. பின்னாடி சீட்டுல இவ தூங்கிட்டிருந்தா.”